முதலைக் கண்ணீர்: ஒரு தொடரும் அதன் வழக்கும்



தமிழில் நாள்தோறும் வழங்கும் தொடர்களுள் 'முதலைக் கண்ணீர்' என்பதும் ஒன்று. சட்டமன்ற உரைகளிலும் அரசியல் அறிக்கைகளிலும் மட்டுமன்றி, சொத்துப் பிரிவினையில் மனம் கசந்த உடன்பிறந்தார் இடையேயும் இத்தொடர் தடையின்றி ஒலிக்கிறது. தொன்றுதொட்டுத் தமிழில் வழங்கியதுபோல் அது நாவில் அமர்ந்துவிட்டது. ஆயினும் அதன் பிறப்பிடம் தமிழன்று. ஆங்கில மரபுத்தொடர் ஒன்றின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு என்று அதனைக் கொள்வதே பொருந்தும். பிரெஞ்சு, செருமானியம் முதலிய ஐரோப்பிய மொழிகளிலும் அதே தொடர் அவ்வம் மொழிச் சொற்களால் வழங்குகிறது. மலையாளத்திலும் கன்னடத்திலும் இந்தியிலும் உள்ளது. பிறமொழி வரவு என்பதால் அதனை விலக்க வேண்டும் என்பது இவ்வுரையின் கருத்தன்று. திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்த இலக்கண மரபு உடையது தமிழ். அத்தொடர் எப்பொருளோடு வந்தது, வழியில் எதனை இழந்தது, யார்மேல் ஏவப்பட்டது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

முதற்கண் தமிழ் முதலையைக் காண்போம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என மூவகைப் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. நீர்வாழ் உயிரொன்றின் வகைகளை வேறு வேறு பெயரிட்டு அறிந்திருந்த மக்கள், அதன் இயல்பைக் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை. திருக்குறளில் முதலை ஆழ்ந்த நீருள் வெல்லும். நீரைவிட்டு நீங்கினால் பிறவற்றிடம் தோற்கும். இடனறிதல் அதிகாரத்தில் அது வலிமைக்கும் வலிமையின் எல்லைக்கும் சான்றாகி நிற்கிறது. மூர்க்கனோடு முதலையை இணைத்துப் பேசும் பழமொழியில், பற்றியதை விடாமைக்கு உவமை ஆகிறது. கசேந்திரன் கதையில் யானையின் காலைக் கவ்வுகிறது. அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டார் என்பது சைவ மரபு. பஞ்சதந்திரத்தில் குரங்கின் நெஞ்சை நாடிச் செல்லும் முதலை வஞ்சகம் செய்வது உண்மைதான். ஆனால் அங்குக் குரங்கை ஏமாற்றும் கருவி நட்புச்சொல்லும் விருந்தழைப்புமே அன்றிக் கண்ணீரன்று. இவற்றுள் எங்கும் முதலை அழுவதாகக் குறிப்பில்லை. வலிமை, விடாப்பிடி, விழுங்குதல் ஆகிய மூன்றே தமிழர் அறிந்த முதலைக் குணங்கள்.

கிரேக்கரிடமும் தொடக்கத்தில் நிலைமை வேறன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ் நைல் நதி முதலையை விரிவாகவே வருணித்துள்ளார். குளிர்காலத்து நான்கு மாதங்கள் அது உண்ணாது, அதற்கு நாவில்லை, மேல்தாடையையே அசைக்கும், அதன் வாயில் உள்ள அட்டைகளை ஒரு சிறுபறவை கொத்தித் தின்னும் என்றெல்லாம் கூறும் அவர், கண்ணீரைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. நாவைப் பற்றியும் தாடையைப் பற்றியும் அவர் சொன்னவை பிழை. முதலைக்கு நாவுண்டு; அது கீழ்வாயோடு ஒட்டியிருப்பதால் வெளியே நீள்வதில்லை. இப்பிழைகளை நினைவில் இருத்துதல் வேண்டும். அவை பின்னர் ஒரு திருட்டைக் காட்டிக்கொடுக்கும்.

அழும் முதலை ஐரோப்பாவின் இடைக்கால நூல்களில்தான் பெருவழக்காகிறது. 13ஆம் நூற்றாண்டில் பார்த்தலோமியஸ் என்னும் துறவி இலத்தீனில் எழுதிய பொருட்பண்புக் களஞ்சியம், நீர்க்கரையில் மனிதனைக் கண்டால் முதலை கொல்லும் என்றும், கொன்றபின் அவன்மேல் அழும் என்றும், அழுது முடித்து விழுங்கும் என்றும் கூறுகிறது. 14ஆம் நூற்றாண்டில் சர் ஜான் மாண்டெவில் என்னும் பெயரில் ஒரு பயண நூல் தோன்றியது. முதலில் பிரெஞ்சில் எழுதப்பெற்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவிய அந்நூல், அச்செய்தியை எண்ணற்ற வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. அந்நூலின்படி அழுதுகொண்டே மனிதரைத் தின்னும் முதலைகள் வாழ்வது ஒரு நாட்டில் மட்டுமன்று. 'இந்து' தேசம் முழுவதும் அவை மிகுந்துள்ளனவாம்! இந்தியத் துணைக்கண்டத்தார் ஒருவரும் கேட்டிராத முதலை அழுகையை இந்தியாவின் பெயரால் ஐரோப்பா கேட்டது. அந்நூலாசிரியர் இந்தியாவைக் கண்டவர் அல்லர் என்பது ஆய்வாளர் முடிபு. அவர் கூறும் முதலைக்கும் நாவில்லை. அதுவும் மேல்தாடையையே அசைக்கிறது. அதுவும் குளிர்காலத்தில் உண்பதில்லை. பழைய ஏட்டுச் செய்திகளே கைமாறி வந்து அந்நூலுள் புகுந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பார்த்தெழுதிய மாணவனைப் பிழையைக் கொண்டே ஆசிரியர் பிடிப்பதுபோன்றது இது.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. அழும் முதலைக் கதை ஒன்றன்று, இரண்டு. தின்னும்போதோ தின்றபின்னோ அழும் முதலை ஒன்று. இரையை அருகே வரவழைத்தற்பொருட்டு அழும் முதலை மற்றொன்று. முன்னது செயல் முடிந்தபின் வடியும் கண்ணீர். அதில் நாணமற்ற பொய்யும் இருக்கலாம், பயனற்ற கழிவிரக்கமும் இருக்கலாம். பின்னது செயலுக்கு முன் விரிக்கும் வலை. அதில் வஞ்சனைக்கன்றி வேறொன்றிற்கும் இடமில்லை. எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் 16ஆம் நூற்றாண்டில் விரிவாக்கி வெளியிட்ட பழமொழித் திரட்டில் 'முதலையின் கண்ணீர்' இடம்பெற்று, கற்றோர் வழக்கில் நிலைபெற்றது. ஆங்கிலத்தில் அதன் பொருள் இரண்டு கதைகளுக்கும் இடையே நெடுநாள் ஊசலாடியது. ஸ்பென்சர் 1590இல் வெளியிட்ட 'தேவதை அரசி' காப்பியத்தில் வழிப்போக்கனைப் பொய்யழுகையால் ஈர்க்கும் நைல் முதலை உவமையாகிறது. இன்றைய ஆங்கில வழக்கோ பெரும்பாலும் முதற்கதையின் சார்பில் நிற்கிறது: பிறர் துன்பத்திற்குத் தானே காரணமாயிருந்தும், அல்லது அத்துன்பத்தால் தானே பயனடைந்தும், அதற்கு வருந்துவதுபோல் நடிப்பவனது கண்ணீர்.

இத்தொடரின் வரலாற்றில் மனத்தை விட்டு அகலாத பக்கம் ஒன்று உண்டு. 1564ஆம் ஆண்டில் ஜான் ஹாக்கின்ஸ் என்னும் ஆங்கிலக் கடலோடி தமது இரண்டாம் பயணத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்க மேற்குக் கரையில் மக்களைப் பிடித்துக் கரீபியக் கடலோரத்து ஸ்பானியக் குடியிருப்புகளில் அடிமைகளாக விற்பது அப்பயணத்தின் தொழில். எலிசபெத் அரசியார் அதற்குத் தமது கப்பலொன்றையே அளித்திருந்தார். அக்கப்பலின் பெயர் 'இயேசு' என்பது! உடன்சென்ற ஜான் ஸ்பார்க் என்பவர் எழுதிய குறிப்பை ஹாக்லூட் தமது பயணத் தொகுப்பில் 1589இல் பதிப்பித்தார். கரீபியக் கடலோரத்து ஆறொன்றில் படகளவு பெரிய முதலைகளைக் கண்டதாகவும், ஆற்றில் நீர் முகந்துகொண்டிருந்த கறுப்பினத்தார் ஒருவரை முதலையொன்று கவர்ந்து சென்றதாகவும், அவரைப் பின்னர் யாரும் காணவில்லை என்றும் அக்குறிப்பு கூறுகிறது. அடுத்து முதலையின் இயல்பை விளக்குகிறது. மனிதர்போல் விம்மியழுது இரையை அருகே வரச்செய்து பற்றுமாம். அதனால்தான் அழும் பெண்களைப் பற்றிய பழமொழி எழுந்ததாம். முதலை அழும்போதே ஏமாற்ற முனைவதுபோலப் பெண்ணும் அழும்போதே ஏமாற்ற முனைகிறாளாம்.

நீர் முகக்கச் சென்று மாண்டவருக்கு அக்குறிப்பில் பெயரில்லை. அவர் எந்த ஊரினர், யார் பெற்ற பிள்ளை என்பன எழுதுவோர்க்கு வேண்டாதவை. முதலை மனிதரைத் தின்னும் என்பதற்கு அவர் ஒரு சான்று, அவ்வளவே. கப்பல் நிறைய மனிதரைக் கவர்ந்து சென்று விற்றவர்கள், கரையில் நின்று முதலையின் வஞ்சகத்தை எழுதினார்கள். எழுதும்போது வஞ்சகத்திற்கு எடுத்துக்காட்டாக அவர்கள் நினைவில் வந்தவர்கள் பெண்கள்! இத்தொடர் யாரைச் சுட்டப் பிறந்ததோ அவரைச் சுட்டாமல், சுட்டுவோர்க்கு எளிதில் அகப்பட்டவரைச் சுட்டியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஷேக்ஸ்பியர் இத்தொடரை எங்ஙனம் ஆண்டார் என்பது இங்கே மிகப் பொருத்தமான வினாவாகும். அவருடைய நாடகங்களில் முதலையும் கண்ணீரும் இணைந்து வரும் இடங்களாக மூன்றைச் சிறப்பாகக் குறிக்கலாம். 'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பகுதியின் மூன்றாம் அங்கம் முதற்காட்சியில் கிளாஸ்டர் கோமகன் சிறைப்படுத்தப்படுகிறார். அவர் குற்றமற்றவர் என்று மன்னன் நம்புகிறான். நம்பியும் காக்கும் வலிமையின்றி வருந்தி வெளியேறுகிறான். அவன் சென்றபின் அரசி மார்கரெட், வழிப்போக்கரைத் துயரக் கோலத்தால் வீழ்த்தும் முதலையோடு கிளாஸ்டரை ஒப்பிட்டு, மன்னன் அவர் தோற்றத்தில் மயங்கினான் என்கிறாள். எதற்காக இந்த உவமை? உடனிருப்போரோடு சேர்ந்து அவரைக் கொல்வதற்கு முடிவு செய்வதற்காக! அடுத்த காட்சியில் கிளாஸ்டர் கொல்லப்படுகிறார். செய்தி வந்ததும், பழி தன்மேல் விழுமே என்று நெடும்புலம்பல் நிகழ்த்துபவள் அதே மார்கரெட். முதலை என்று சொன்னவள் யார், முதலையாய் இருந்தவள் யார் என்று நாடகம் வாய்திறந்து சொல்லவில்லை. காட்சிகளை அடுத்தடுத்து வைத்ததோடு ஆசிரியர் நின்றுகொண்டார்.

இரண்டாம் இடம் 'ஒதெல்லோ'. நான்காம் அங்கத்து முதற்காட்சி. வெனிசிலிருந்து வந்த விருந்தினர் முன்னிலையில் ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவை அறைகிறான். அறைபட்டவள் அழுகிறாள். அந்தக் கண்ணீரைக் கண்டு அவன் சொல்வது, பெண்ணின் கண்ணீரால் மண் சூல்கொள்ளுமாயின் விழும் துளிதோறும் ஒரு முதலை பிறக்கும் என்னும் பொருள்பட அமைந்தது. அவ்வரங்கில் இருப்போர் அனைவரினும் தூய கண்ணீர் அவளுடையது. நாடகம் காண்போர்க்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. பொய்யை மெய்யென்று இயாகோவிடம் நம்பியவன், மெய்யைப் பொய்யென்று மனைவியிடம் கூறுகிறான். அதற்குக் கருவியாய் அவன் கைக்கு வந்தது இந்த முதலை. ஸ்பார்க்கின் குறிப்பு எந்த எண்ணத்தைப் பழமொழி என்று எழுதியதோ, அதே எண்ணம் இங்கு ஒரு பெண்ணின் சாவுக்கு வழிகோலுகிறது.

ஆக, ஒரே புலவரின் இரண்டு துன்பியல் இடங்களிலும் முதலை என்று இகழப்பட்டவர் குற்றமற்றவர், இருவரும் கொலையுண்டனர். அவர் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆயின் தற்செயல் என்று தள்ளுதற்கும் மனம் ஒருப்படவில்லை.

மூன்றாம் இடம் நகைச்சுவை. 'அந்தோணியும் கிளியோபாட்ராவும்' நாடகத்தில், கப்பல் விருந்தில் குடிமயக்கிலிருக்கும் லெப்பிடஸ், எகிப்து நாட்டு முதலை எத்தகையது என்று வினவுகிறான். அது தன்னைப் போலவே இருக்கும், தன் அகலமே அதற்கு அகலம் என்ற பாங்கில் அந்தோணி விடை கூறுகிறான். கேட்டவன் நிறைவடைகிறான்! அதன் கண்ணீர் ஈரமானது என்பதும் அவ்விடையில் ஒரு பகுதி. கற்றோர் சுமந்து திரிந்த கதைகளையெல்லாம் உதறிவிட்டுப் பார்த்தால் முதலைக் கண்ணீரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான் போலும்.

அப்படியாயின் இத்தொடரை எவ்விடத்தில் ஆள்வது முறை? பொய்யாக அழுவோர் அனைவரும் முதலைகள் அல்லர். பொம்மை வேண்டி அழும் குழந்தையின் கண்ணீர் பொய்யாயினும் அது முதலைக் கண்ணீரன்று. அக்குழந்தை யாரையும் விழுங்கவில்லை. கூலிக்கு ஒப்பாரி வைப்பவர் கண்ணீரும் அன்று. இறந்தவரை அவர் கொல்லவில்லை, ஊரார் சார்பில் துயரத்திற்குக் குரல் கொடுக்கிறார். திரைப்படத்தில் கிளிசரின் இட்டு அழும் நடிகையின் கண்ணீரும் அன்று. அழுபவர், தாம் எதன்பொருட்டு அழுகிறாரோ அந்தக் கேட்டினைத் தாமே செய்தவராகவோ, அதனால் வளம் பெற்றவராகவோ இருத்தல் இத்தொடருக்கு இன்றியமையாதது. கண்ணீரின் பொய்ம்மை இரண்டாவது. வாயில் இருக்கும் இரையே முதலாவது. நிலத்தைப் பறித்தவர் உழவர் துயர் கண்டு உருகினால் இத்தொடர் பொருந்தும். நிலத்தை இழந்தவர் சற்று மிகைப்படுத்தி அழுதால் பொருந்தாது. தமிழ் வழக்கில் இவ்வேறுபாடு மங்கிவிட்டது. 'நடிக்கிறாள்' என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் முதலையை இழுத்து வருவது வழக்கமாகிவிட்டது.

இங்கு வினைச்சொல் ஒன்றின் அழகும் குறிக்கத்தக்கது. கண்ணீரை உகுக்கலாம், சிந்தலாம், பெருக்கலாம், விடலாம். ஆனால் முதலைக் கண்ணீர் என்றால் பெரும்பாலும் 'வடித்தல்' என்ற வினையே உடன்வருகிறது. சோற்றுக் கஞ்சியை வடிக்கிறோம். சிற்பி சிலையை வடிக்கிறான். வேண்டாததை வெளியேற்றுவதும் வேண்டியதைச் செதுக்குவதும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. உண்மைக் கண்ணீருக்கும் அவ்வினை ஆளப்படுவது உண்டு. எனினும் இத்தொடரோடு அது பெற்ற பொருத்தம் தமிழர் செவியின் நுண்மைக்குச் சான்று.

பொருத்தம் எளிதில் துணியக்கூடியதா என்றால், அன்று. வரலாற்றில் புகழ்பெற்ற கண்ணீர் ஒன்று நைல் நாட்டிலேயே சிந்தப்பட்டது. கி.மு. 48இல் தோல்வியுற்று எகிப்திற்குத் தப்பிவந்த பாம்பேயை அந்நாட்டு அரசவையினர் கொன்றனர். துரத்திவந்த ஜூலியஸ் சீசர் முன் தலையைக் கொண்டுவந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், பாம்பேயின் முத்திரை மோதிரத்தைப் பெற்று அழுதார் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். அது நடிப்பு, உள்ளே மகிழ்ச்சி என்று லூக்கன் தமது காப்பியத்தில் சாடுகிறார். பாம்பே ஒருகாலத்தில் சீசரின் மருமகன். சீசரின் மகள் ஜூலியாவை மணந்தவர். கொல்லுமாறு சீசர் பணிக்கவில்லை. ஆயினும் அவர் தொடுத்த போரின்றி அக்கொலை இல்லை. கொலையால் பயன்பெற்றவரும் அவரே. அந்தக் கண்ணீர் எத்தகையது? தொடரின் இலக்கணப்படி அது முதலைக் கண்ணீர்தான். அது முழுதும் பொய் என்பதற்கோ சான்றில்லை. உண்டவனுக்கும் துயரம் உண்மையாகவே எழக்கூடும் என்பதை இத்தொடர் எண்ணிப் பார்ப்பதில்லை. இது அதன் குறை.

இனித் தமிழின் சொந்தச் சேமிப்பிற்கு வருவோம். இறக்குமதிக்கு முன்பே இக்கருத்திற்குத் தமிழில் சொற்கள் இருந்தன. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத பழமொழியைக் கிழவியரும் சிறுவரும் அறிவர். ஓநாய் இன்னும் ஆட்டைத் தின்னவில்லை, தின்னப்போகிறது. அதன் அழுகையோ ஆட்டின் உயிருக்காக அன்று, மழையில் நனையும் உடலுக்காக! பெருங்கேட்டை நெஞ்சில் வைத்துச் சிறுகேட்டிற்கு இரங்கும் பாசாங்கு இத்தனை நகைச்சுவையோடு முதலைத் தொடரில் அமையவில்லை. அத்தொடர் வந்தபின்னும் இப்பழமொழி அழியாமல் நிற்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

மற்றொன்று 'நீலிக் கண்ணீர்'. அகராதிப் பொருளில் இது முதலைக் கண்ணீருக்கு நிகராகக் காட்டப்படுகிறது. மேடைகளில் ஒன்றற்கு மற்றொன்றாக வழங்குகிறது. உண்மையில் இரண்டும் எதிரெதிரானவை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதை பலருக்கும் தெரிந்ததே. பேய்மகள் நீலி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று வேளாளர் அவையில் முறையிட்டு அழுகிறாள். இவளிடமிருந்து காத்துக்கொள்ள அவன் வைத்திருந்த வாளையும் அவையினர் வாங்கிக்கொள்கின்றனர். அவனுக்குத் தீங்கு நேரின் தம் உயிரைத் தருவதாக எழுபதின்மரும் வாக்களிக்கின்றனர். இரவில் அவன் கொல்லப்பட, வாக்குத் தவறாமல் எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்நிகழ்ச்சி குறிப்பிடப்படுவதால், இக்கதை 7ஆம் நூற்றாண்டிற்கு முன்பே வழங்கியமை பெறப்படும். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி, அதே பழையனூர் நீலியைச் சமண அறம் பேசும் வாதியாக மாற்றியது தனிக்கதை.

கதையின் முற்பகுதியோ தொடரில் ஏறவில்லை. வழங்கும் வடிவங்கள் பலவற்றின்படி, நீலி முற்பிறவியில் ஒருவனுக்கு மனைவியாகி, அவனை நம்பி உடன்வந்து, ஆலங்காட்டு வழியில் அவன் கையாலேயே கொலையுண்டவள். அவனே மறுபிறவியில் அந்த வணிகன். அவையில் அவள் ஏந்திய குழந்தை பொய். அவள் கூறிய உறவு இப்பிறவியில் பொய். தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று அழுத அழுகை, பிறவிகளைச் சேர்த்துப் பார்த்தால் பொய்யில்லை. முதலைக் கண்ணீர் உண்டவரின் கண்ணீர். நீலிக் கண்ணீர் ஒருமுறை உண்ணப்பட்டவளின் கண்ணீர். இரண்டையும் ஒருபொருட் பன்மொழியாக வழங்குவது, கொன்றவரையும் கொலையுண்டவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதாகும். ஊருக்காக எழுபது உயிர்கள் தீயில் விழுந்த அவலத்தை இங்குக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. நீலி செய்தது வஞ்சமே. ஆயினும் அழுதுகொண்டு பஞ்சாயத்தின் முன் வந்து நிற்கும் பெண்ணை முதலில் நீலியென்று ஐயுறும் வழக்கத்திற்கு இத்தொடர் எத்தனை ஊர்களில் துணைநின்றதோ!

திருவள்ளுவர் இச்சிக்கலை அணுகிய முறை வேறு. கூடாநட்பு அதிகாரத்தில், பகைவர் தொழுத கையுள் ஆயுதம் மறைந்திருக்கும், அவர் அழுத கண்ணீரும் அத்தகையதே என்கிறார். கண்ணீரை ஐயுறுக என்று பொதுப்பட அவர் கூறவில்லை. 'ஒன்னார்' என்று அழுபவரை முதலில் அடையாளம் காட்டிவிட்டே கண்ணீருக்கு வருகிறார். கொடுங்கோன்மை அதிகாரத்திலோ, துன்பம் பொறுக்கமாட்டாது குடிகள் அழுத கண்ணீர் அரசனது செல்வத்தைத் தேய்த்தழிக்கும் படை என்கிறார். 'அழுத கண்ணீர்', 'படை' ஆகிய இரண்டும் அவ்விரு குறள்களிலும் வருகின்றன. ஒன்றில் படை கண்ணீருள் ஒளிந்திருக்கிறது. மற்றொன்றில் கண்ணீரே படை. அழுதது யார் என்பது மாறியதும் அதே சொற்கள் எதிர்ப்பொருள் தருகின்றன. உரையாசிரியர்கள் இவ்விரண்டையும் ஒருங்குவைத்துப் பேசியிருப்பின் பெரும்பயன் விளைந்திருக்கும்.

முதலை உண்மையில் அழுமா என்னும் வினாவிற்கு விடைகூறாமல் இவ்வுரையை நிறுத்தினால் அவையோர் பொறுக்கமாட்டார்கள். முதலைக்குக் கண்ணீர்ச் சுரப்பி உண்டு. மூன்றாம் இமை என்னும் மெல்லிய தோல் கண்ணைத் துடைக்க, சுரக்கும் நீர் கண்ணை ஈரமாக வைக்கிறது. நெடுநேரம் கரையில் கிடக்கும்போது அந்நீர் தெரியும். ஆனால் உண்ணும்போது வடிகிறதா? மருத்துவ நூல்களில் 'முதலைக் கண்ணீர் நோய்' என்றே ஒன்று உண்டு. 1920களில் ரஷ்ய மருத்துவர் போகராத் விளக்கிய நிலை அது. முகவாதம் கண்டு தேறியவர் சிலர்க்கு நரம்பிழைகள் மீண்டும் வளரும்போது தடம்மாறி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்லவேண்டியவை கண்ணீர்ச் சுரப்பியைச் சேர்ந்துவிடும். அவர்கள் உணவில் கைவைத்ததும் கண்ணில் நீர் வழியும். துயருமில்லை, வஞ்சமுமில்லை. விருந்தில் அமர்ந்து உண்ணக் கூசும் அந்நோயாளிகளுக்கு இப்பெயர் எவ்வளவு கொடியது என்பதைப் பெயரிட்டோர் எண்ணினாரில்லை.

அந்நோயின் பெயர்க்காரணத்தை ஆராயப் புகுந்த மால்கம் ஷானர் என்னும் நரம்பியல் மருத்துவர், புளோரிடாப் பல்கலைக்கழக விலங்கியலாளர் கெண்ட் விலியட்டை அணுகி, முதலை உண்ணும்போது அழுமா என்று வினவினார். விலியட் அம்மாநிலத்துச் செயின்ட் அகஸ்டின் முதலைப் பண்ணையில், நீரிலன்றித் தரையில் இரையுண்ணப் பழக்கப்பட்டவற்றைப் படம்பிடித்து ஆராய்ந்தார். முடிவு 2007இல் வெளியாயிற்று. ஆராயப்பட்ட ஏழனுள் ஐந்து உண்ணும்போது கண்ணீர் வடித்தன. சிலவற்றின் கண்ணில் நுரையும் குமிழியும் தோன்றின. இரையைக் கடிக்கும்போது அவை சீறிப் பெருமூச்சு விடுவதால், தலையின் உட்புழைகளில் புகும் காற்று கண்ணீரை வெளியே தள்ளுகிறது போலும் என்பது அவர்கள் கருத்து. இடைக்காலத் துறவி எழுதியது கண்ணளவில் உண்மை. அழுகை உண்டு, வருத்தம்தான் இல்லை.

அவர்கள் ஆராய்ந்த ஏழனுள் மூன்று அலிகேட்டர்கள், நான்கு கெய்மன்கள். அனைத்தும் முதலையின் நெருங்கிய உறவுகளே ஒழிய முதலைகள் அல்ல. முதலைகளை ஏன் விடுத்தனர் என்பதற்கும் காரணம் உண்டு. அவற்றைத் தரையில் உண்ணப் பழக்குவதற்கு அருகே செல்லுதல் பேராபத்து என்பதால், பண்ணையில் அவை அங்ஙனம் பழக்கப்படவில்லை.